மஞ்சள் நோட்டீசுக்குக் காகிதம் சேர்த்தபோது

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் என்றால் ஊரை ஏமாற்றிவிட்டு ஓடியவர் என்றுதான் எங்கள் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். என் அண்ணன் ஓடவில்லை. ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் தறிப்பட்டறை வைத்து ரயான் துணி ஓட்டிக்கொண்டிருந்தவர். கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் தானே எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். அவருடைய ஐ.பி. மனுவுக்கு, அதாவது தன்னை நொடித்தவர் என்று அறிவிக்கச் சொல்லிப் போடும் மனுவுக்கு, வேண்டிய காகிதங்களை நானும் அவரும் உட்கார்ந்து சேர்த்தோம். எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று பலர் நினைக்கிறார்கள். வக்கீல் மனுவை எழுதுவார். அதற்குள் போகவேண்டிய விவரத்தைக் கடன்பட்டவர் வீட்டு பீரோவிலிருந்தும் அவர் வாயிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். வாயிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தறிக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் பழைய சட்டம்தான். சென்னை என்றால் 1909-ஆம் வருடச் சட்டப்படி உயர் நீதிமன்றம் போக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். குடியிருக்கிற ஊரிலோ தொழில் நடக்கிற ஊரிலோ மனுப் போடலாம். ஈரோட்டுக்காரர்கள் போடுவது சார்பு நீதிமன்றத்தில். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது பத்தாவது பிரிவு. நூறு வருடத்துக்கு முந்தைய தொகை, அப்படியே நிற்கிறது.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பதின்மூன்றாம் பிரிவு சொல்கிறது. கடனைக் கட்ட இயலவில்லை என்ற வாசகம், எங்கே குடியிருக்கிறார், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்கள் பெயரும் விலாசமும், தனக்கு என்னென்ன சொத்து, அது எங்கே இருக்கிறது, என்ன பெறும், விலக்கு உள்ளவை தவிர மற்றதையெல்லாம் நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற உறுதி, இதற்கு முன்னால் ஐ.பி. போட்டதுண்டா என்ற பதில். படித்தால் ஒரு பக்கம்கூட வராது. எங்கள் வக்கீலின் குமாஸ்தா, வயதான மனிதர், அதைத் தன் பாஷையில் சொன்னார்: "ஏம்மா, கடன் குடுத்தவன் பேரு, அவிங்க அப்பன் பேரு, வயசு, கதவு நம்பரு, தேதி, அசலு, வட்டி. இதுல ஒண்ணு இல்லீன்னாலும் நோட்டீசு திரும்பி வந்துரும். அட்டவணைய ஒழுங்காக் கொண்டாந்துட்டீங்கன்னா மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

அந்த அட்டவணைதான் வேலையே. பேங்க், பைனான்ஸ் கம்பெனிக் கடன்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லோரும் சிபில் மட்டும் எடுக்கிறார்கள். ஒன்றில் இல்லாத கணக்கு இன்னொன்றில் இருக்கலாம் என்பதால் நான்கையும் எடுத்தேன். தொழில் நடத்தப் பேங்க் கொடுத்த சி.சி. கடன் கணக்கு, வீட்டின் மேல் வாங்கிய அடமானக் கடன், பைக் கடன், செல்போன் ஆப்பில் வாங்கிய ஒரு கடன். கடைசியாகச் சொன்னது அண்ணிக்குத் தெரியாது. அறிக்கையைப் படித்தபோது அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார்.

நூல் கடை பாக்கி, பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் கூலி, மின் கட்டணம் எல்லாம் பில்லில் இருந்தது. ஏலம் எடுத்த சீட்டில் மீதித் தவணைகள் இருந்தன. அதையும் கடனாகத்தான் எழுத வேண்டும். சீட்டுப் பணம் கைக்கு வந்து செலவானதும் அது கடன் என்பதே பலருக்கு மறந்துவிடுகிறது.

எந்த அறிக்கையிலும் வராதவை புரோநோட்டும் கைமாத்தும். புரோநோட்டு எழுதிக் கொடுத்தவரிடம் நகல் இருக்காது. வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் தொகையே அவருக்குத் தெரியாது. நான் செக் புக்கிலிருந்து தொடங்கினேன். அண்ணன் எந்தப் பழைய செக் புக்கையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அடிக்கட்டைகள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு நூல் கோன் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தேதி, பெயர், தொகை எழுதிய அடிக்கட்டைகளை பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்த்துத் தள்ளி வைத்தேன். ஒன்றும் எழுதாமல் கிழிந்திருந்தவை தனியாகச் சேர்ந்தன. செக் போயிருக்கிறது, பேங்குக்கு வரவில்லை. அப்படியென்றால் யாருடைய பீரோவிலோ கையெழுத்தோடு தூங்குகிறது.

"இந்த லீஃபு யாருகிட்டண்ணா இருக்குது?"

"அது... வாரவட்டிக்காரருகிட்ட. ஈடுக்குன்னு வாங்கிட்டுப் போனாரு."

"அடுத்தது?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அதும் அவருதான் கண்ணு. மொதலு குடுத்ததுக்கே வட்டி கட்ட முடியலைன்னு மறுக்கா வாங்குனேன்."

இப்படி ஒவ்வொரு அடிக்கட்டையாக ஆள் வெளியே வந்தார்கள். செக் எண், யாரிடம் இருக்கிறது, எந்த மாதம் கொடுத்தது, அப்போது கையில் வந்த பணம் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கையில் வந்த தொகையைத் தனியாக எழுதுவது அவசியம். ஒரு லட்சம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அளவுக்கு மீறிய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த விவரம் பின்னால் வக்கீலுக்குப் பயன்பட்டது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஐ.பி. போட்டதால், பணமில்லாமல் செக் திரும்பியதற்குப் போடும் கேஸ் நிற்காது. அது கிரிமினல் கேஸ், தனியாக நடக்கும். எந்தெந்த செக் வெளியே இருக்கிறது என்ற பட்டியல் அதற்கும் வேண்டும்.

அப்புறம் கைமாத்து. நீதிமன்றத்துக்குப் போகவே மாட்டார்கள் என்று தெரிந்த சொந்தக்காரர்களை அட்டவணையில் எழுத அண்ணனுக்கு மனது வரவில்லை. குறிப்பாக எங்கள் அத்தை. மாமா இறந்த பிறகு பவானியில் தனியாக இருக்கிறார். மாமாவின் பணிக்கொடையில் ஒரு பகுதியை, பாவு நூல் வாங்க என்று அண்ணன் கேட்டபோது எழுத்தே இல்லாமல் எடுத்துக் கொடுத்தவர். "அத்தைக்கு மட்டும் எப்படியாவது குடுத்துட்டு மனுவப் போட்டுக்கலாம்" என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். பழைய இரும்பு விற்ற பணம் கொஞ்சம் கையில் இருந்தது.

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மனுப் போடுவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்கும் எண்ணத்தில் பணம் கொடுத்தால் அந்தக் கொடுக்கல் செல்லாமல் போகும் என்று ஐம்பத்துநாலாம் பிரிவு சொல்கிறது. நொடித்தவர் சொத்தைப் பொறுப்பில் எடுக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் அத்தையிடமிருந்தே அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எழுபது வயதில் அத்தைக்குக் கோர்ட் கடிதம் போகும். அட்டவணையில் பெயரே எழுதாமல் விட்டால் அண்ணன் உண்மையை மறைத்தவர் ஆவார். தெரிந்தே மறைப்பதற்கு அறுபத்தொன்பதாம் பிரிவில் சிறைத்தண்டனை வரை இருக்கிறது. அதைவிட, சொத்தை விற்று எல்லோருக்கும் பங்கு பிரிக்கும்போது பட்டியலில் இல்லாத அத்தைக்கு யார் பங்கு வைப்பார்கள்? வாரவட்டிக்காரருக்குப் பங்கு உண்டு, எழுத்து வாங்காமல் கொடுத்தவருக்கு இல்லை என்றால் அது நியாயமா? இதைக் கேட்டதும் அண்ணன் அடங்கினார்.

நாங்கள் இருவரும் பவானிக்குப் போனோம். அண்ணன்தான் பேசினார். "அத்தை, உங்க பேரையும் கோர்ட்டுல எழுதிக் குடுக்கப் போறேனுங்க. நோட்டீசு வரும். பயந்துக்காதீங்க." அத்தை முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "ஏன் சாமி, உன்னைய ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்றார். இல்லை என்று விளக்கினேன். அப்புறம்தான், "எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். பாதிகூட வராது, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்று அண்ணன் மறைக்காமல் சொன்னார். அத்தைக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும், அது அவருடைய பணம். சாப்பிடச் சொல்லாமலே எங்களை அனுப்பினார். ஆனால் கோர்ட் கவரைப் பிரித்து அதைத் தெரிந்துகொள்ளும் நிலை அவருக்கு வரவில்லை. ஐ.பி. போடுகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். அட்டவணையில் இருக்கிற சொந்தக்காரர், கூட்டாளி, தறியில் வேலை செய்தவர், இவர்களை நோட்டீஸ் போவதற்கு முன்னால் நேரில் பார்த்துச் சொல்லுங்கள். ஊரில் வருகிற கெட்ட பேரில் பெரும்பகுதி, கடனைவிட அந்தக் கவரால் வருகிறது.

ஜாமீன் போட்டவர்களுக்கு இன்னும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடனிலிருந்து நீதிமன்றம் தரும் விடுதலை அண்ணனுக்குக் கிடைத்தாலும் அவருக்காகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கிடைக்காது. சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. சீட்டுக்கு ஜாமீன் போட்டது அண்ணியின் தம்பி. அவரிடம் சொன்ன அன்று வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சொத்து அட்டவணைக்கு வருகிறேன். வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, பத்திர நகல், தறிகள் வாங்கிய பில், வண்டியின் ஆர்.சி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. விட்டுப் போகிறவை வேறு. மின்வாரியத்தில் கட்டியிருக்கும் வைப்புத்தொகை ஒரு சொத்து. பட்டறைக்குக் கொடுத்த வாடகை அட்வான்ஸ் ஒரு சொத்து. வடக்கே அனுப்பிய துணிக்கு வராத பணமும் சொத்துதான், வராது என்று நாம் கைகழுவியிருந்தாலும். தறி ஓட்டியவர்களுக்குக் கொடுத்த முன்பணமும் அப்படித்தான். எங்கள் பக்கம் தறிக்காரர் முன்பணம் கொடுத்துத்தான் ஆள் பிடிப்பார். நோட்டில் பெயரும் பாக்கியும் இருக்கும். அதே ஆட்களுக்கு அண்ணன் கடைசி வாரங்களின் கூலியைத் தர வேண்டியிருந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் இரண்டையும் எதிரெதிரே எழுதி, கூலி அதிகமாக நிற்பவர்களைக் கடன் அட்டவணையிலும், முன்பணம் அதிகமாக நிற்பவர்களைச் சொத்து அட்டவணையிலும் காட்டினோம். அந்தக் கணக்கை அவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டது நல்லதாயிற்று. ஒருவர்கூடத் தொகையில் தகராறு செய்யவில்லை.

எதை விட்டுவைப்பார்கள் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் அறுபதாம் பிரிவில் இருக்கிறது. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை. தாலி அதில் அடங்கும். ஆயுள் காப்பீட்டுப் பாலிசிப் பணத்துக்கும் விலக்கு உண்டு. விலக்கு உள்ளதையும் மறைக்காமல் எழுதி, விலக்கு என்று குறிக்கச் சொன்னார் குமாஸ்தா. அண்ணி அந்தப் பக்கத்தைத் தானே படித்துப் பார்த்தார். பிள்ளையின் லேப்டாப் எந்த வகை என்று கேட்டார். எனக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றவே, வக்கீலிடம் கேட்டு, மதிப்போடு சொத்துப் பக்கத்திலேயே எழுதினோம்.

வீட்டை அண்ணி பேருக்கு எழுதிவைத்துவிட்டு மனுப் போடலாம் என்று அண்ணனுக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னவர்கள்தான். ஆனால் உரிய விலையில்லாமல் எழுதிக் கொடுத்த சொத்தை, அதற்குப் பின் இரண்டு வருடத்துக்குள் நொடிப்பு வந்தால் நீதிமன்றம் ரத்து செய்யலாம். வில்லங்கச் சான்றில் அது முதல் வரியாக நிற்கும். மனு மொத்தத்தையும் அது கெடுத்துவிடும். வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானம். ஈடு வாங்கியிருக்கிற பேங்க் ஐ.பி.க்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தன் ஈட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். வீடு போகும் என்று தெரிந்தேதான் அண்ணன் கையெழுத்துப் போட்டார். இப்போது இருப்பது அதே தெருவில் வாடகை வீடு.

கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நொடிப்புக்கு முந்தைய மூன்று வருடத்தில் தொழிலுக்கு உரிய கணக்கு வைக்கவில்லை என்றால், முழு விடுதலையை மறுப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் படித்தபோது எனக்கு மனது கனத்தது. சொத்தின் மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லை என்றால், அது தன் பொறுப்பில்லாத சூழ்நிலையால் வந்தது என்று கடன்பட்டவர் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். அண்ணனின் கணக்கில் எட்டணா தேறவில்லை. ஆகவே சொத்தும் கடனும் மட்டும் போதாது, எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதற்கும் காகிதம் வேண்டும். நூல் விலை ஏறியதைக் காட்ட மாதாமாதம் வாங்கிய நூல் பில்கள், துணிக்கு விலை ஏறாததைக் காட்ட அதே மாதத்து விற்பனை பில்கள், பணம் வராமல் நின்றுபோன ஒரு வியாபாரிக்கு அனுப்பிய லாரி ரசீதுகளும் ஞாபகக் கடிதங்களும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள். இதைத் தேதி வரிசையில் அடுக்கியபோது, அண்ணன் பல நாளாகச் சொல்லிவந்த "எம்பட ராசி சரியில்லீங்" என்ற பேச்சு நின்றது. எந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் கைநட்டம் ஆனது என்று அவரே விரலை வைத்துக் காட்டினார். "இங்கியே நிறுத்தியிருக்கோணும்" என்றார். நிறுத்தியிருந்தால் தறி ஆட்களுக்கு என்ன வழி என்று அப்போது யோசித்ததையும் சொன்னார்.

இதெல்லாம் முடிந்து டைப் அடித்த பிறகு, மனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் அவரை உரக்கப் படிக்க வைத்தேன். கடைசியில் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். படிக்கும்போது இரண்டு விலாசங்களில் பழைய கதவு எண் இருப்பதை அவர்தான் பிடித்தார். கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், கவர், நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் பேட்டா. அட்டவணையில் ஆள் கூடக் கூடச் செலவும் கூடும். அதற்காக யாரையும் விட்டுவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். போட்ட மனுவை நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது என்பதையும் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மனுப் போட்ட மறுநாளே எல்லாம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நொடித்தவர் என்று நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் கைதுக்கு எதிரான பாதுகாப்பு கேட்கலாம், நடக்கிற சிவில் வழக்குகளை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அதுவரை வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்து ஐ.பி. எண்ணையும் வக்கீல் பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடியால் வந்த கடனும் விடுதலையில் அடங்காது. ஜி.எஸ்.டி. பாக்கியை அவர் இப்போது ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டு தவணையாகக் கட்டி வருகிறார்.

கடைசியாக ஒரு காகிதம். நொடித்தவர் என்று வரும் ஆணையிலேயே, எத்தனை நாளுக்குள் விடுதலைக்கு மனுப் போட வேண்டும் என்று கெடு எழுதியிருக்கும். ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் அதைப் படிப்பதே இல்லை. கெடுவுக்குள் போடாவிட்டால் ஆணை ரத்தாகும், கடன் பழையபடி தலைமேல் வந்து நிற்கும், மறுபடி ஐ.பி. போட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆணையின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்து வாங்கி, அந்தத் தேதியைப் பார்த்து, வக்கீலிடமும் சொல்லி வையுங்கள். அண்ணனின் விடுதலை மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. அத்தைக்கு அடுத்த வாய்தா தேதியைப் போனில் சொல்வது என் பொறுப்பு.